படம் வராத பெண் பார்க்கும் படலம்

கணினி திறக்க மறுக்கிறது என்று பதறிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். கடைசியாக இதில் புதிதாக என்ன செருகினீர்கள்? எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். ஒன்றுமே செருகவில்லையாம், சும்மா இருந்ததாம், தானாகவே இப்படி ஆகிவிட்டதாம். பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஓர் அலுவலகத்தில் இந்த வேலையைப் பார்த்தே சில வருடங்களை ஓட்டிவிட்டேன். சும்மா இருந்த கணினி கெட்டுப்போன கதை எதையும் நான் நம்புவதில்லை. அவர்கள் முகத்தில் தெரியும் கலவரத்தை மட்டும் நம்புகிறேன். ஆரம்பப் பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும்போதே எனக்கு அது அறிமுகமாகிவிட்டது.

அப்போது நாங்கள் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தை ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். காலையில் கம்பெனி பஸ் கீழே வந்து ஹாரன் அடித்தால் பாதிப் பசியாறலோடு எழுந்து ஓடுவாள். செய்து முடித்த போர்டுகளில் எது கெட்டது, ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுக்கு வேலை. வீட்டில் ரைஸ் குக்கர் முதல் அப்பாவின் மோட்டார் சைக்கிள் விளக்கு வரை அவள் கை படாத பொருள் இல்லை. கூடத்து மூலையில் இருந்த கணினியும் அவள் வாங்கி வைத்ததுதான். அதில் நான் விளையாடலாம், ஆனால் புதிதாக எதையும் போடக்கூடாது என்பது சட்டம்.

அத்தைக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இடது உதட்டோரத்தில் தொடங்கிக் கன்னம் வரை ஒரு வெண்திட்டு பரவியிருந்தது. முதலில் பொட்டு அளவுதான் இருந்ததாம். தொற்றாது, உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பெண் பார்க்க வந்தவர்களுக்கு மட்டும் மருத்துவரின் சொல் போதவில்லை. வருவார்கள், அத்தை பட்டுப் புடவையில் வந்து நிற்பாள், கேசரி சாப்பிடுவார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்புவார்கள். அந்த யோசனை ஒருபோதும் முடிந்ததில்லை. அம்மாவின் கேசரியில் கட்டி தட்டுவதுதான் காரணம் என்று நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் தரகர் பெர்த் மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியாவில் நல்ல வேலை, தாயாரும் கூடவே இருக்கிறார், வேறு பிக்கல் பிடுங்கல் கிடையாது. லீவு கிடைக்காததால் முதலில் கணினியில் முகம் பார்த்துப் பேசிவிடலாம், பிடித்திருந்தால் நிச்சயத்துக்கு நேரில் வருவார்கள் என்று ஏற்பாடு. இங்கிருந்து போன புகைப்படத்தைத் தேர்ந்தெடுத்தவர் பெரியத்தை. அதாவது அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்த அக்காள். சுங்கை பாக்காப்பில் இருந்தாலும் எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர் சொல்தான் கடைசிச் சொல். அந்தப் படம் திட்டு பரவுவதற்கு முன்னால் எடுத்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அவர்கள் குறித்த ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதி பூசையாக அமைந்துவிட்டது. எங்கள் வீட்டில் அன்றைக்குச் சோறு போடும் பொருள் எல்லாம் சாமிக்கு முன்னால் வந்துவிடும். அப்பாவின் ஸ்பேனர்கள், மோட்டார் சாவி, அம்மாவின் தையல் கத்தரிக்கோல், அத்தையின் ஸ்குரூடிரைவர் பெட்டி, என் பள்ளிப் புத்தகங்கள். பூசை முடிந்தால் மறுநாள் காலைவரை எதையும் தொடக்கூடாது. புத்தகத்தைத் தொடாதே என்று பெரியவர்களே சொல்லும் நாள் வருடத்தில் அது ஒன்றுதான் என்பதால் எனக்குச் சரஸ்வதியின் மேல் தனிப் பிரியம். கணினியும் பூசைக்கு உரியதுதான். ஆனால் மாலையில் மாப்பிள்ளை அதற்குள்தான் வரப்போகிறார்.

இரண்டுக்கும் நடுவே பெரியத்தை ஒரு வழி சொன்னார். நல்ல காரியம் என்பதால் திறந்து பேசலாம், ஆனால் வைத்த இடத்தைவிட்டு நகர்த்தக்கூடாது. ஆக, கணினி கூடத்தில் சாமி படத்துக்குக் கீழே ஒரு பலகைமேல் அமர்ந்தது. திரைக்கு மாலை, பெட்டிக்கு விபூதிப் பட்டை. அம்மா பக்தி மேலிட்டு, திறக்கும் பொத்தானின் நட்டநடுவே சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்துவிட்டாள். பக்கத்தில் தாம்பாளத்தில் பொரியும் கடலையும். பெண் பார்ப்பவர்களுக்கு எதிரே நாங்கள் எல்லோரும் தரையில் சப்பணம் போட்டுத்தான் உட்கார வேண்டும்.

கேமராவை அத்தை முதல் நாள்தான் வாங்கி வந்திருந்தாள். திரையின் தலையில் கவ்விக்கொள்ளும் சின்ன உருண்டை. ஞாயிறு காலை பெட்டியோடு வந்த சிடியைப் போட்டு, கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அமுக்கி முடித்தாள். கணினியை ஒருமுறை அணைத்துத் திறக்கவும் என்று கடைசியில் ஓர் அறிவிப்பு வந்தது. அதற்குள் எமகண்டம் வருவதற்கு முன் பூசையை முடிக்க வேண்டும் என்று பெரியத்தை அவசரப்படுத்தினார். அத்தை அணைத்தாள், திறக்கவில்லை. அப்படியே தூக்கிப் பலகையில் வைத்தாயிற்று. புதிதாக ஒன்றைப் போட்டால் அணைத்துத் திறந்து பார்ப்பது இந்தத் தொழிலில் பாலபாடம். சாமி காரியம் குறுக்கே வந்தால் பாலபாடமும் ஒதுங்கி நிற்கத்தான் வேண்டும்.

நான்கு மணிக்கு அழைப்பு. நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும் என்பதால் அதற்குள் பேச்சை ஆரம்பித்தே ஆக வேண்டும். மூன்று மணி சுமாருக்குச் சும்மா ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அத்தை பொத்தானை அமுக்கினாள். விரல் நுனியில் குங்குமம் ஒட்டிக்கொண்டது. உள்ளே காற்றாடி சுழன்றது, வழக்கமான சின்னம் வந்தது, பிறகு திரை முழுக்க ஒரு நீலம். வெள்ளை எழுத்துகள் கொத்தாகத் தோன்றி, படிப்பதற்குள் மறைந்தன. இருட்டானது. மறுபடியும் காற்றாடி, மறுபடியும் சின்னம், மறுபடியும் நீலம். நிறுத்துவார் இல்லாமல் அது தன்பாட்டுக்குச் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது.

நான் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன். ஏன் அவ்வளவு பயந்தேன் என்றால், பயப்படும்படிதான் பெரியத்தை பார்த்தார். அவர் கத்தவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வாயை ஒற்றிக்கொண்டார். பூசையில் வைத்ததைக் கலைத்ததால் வந்த வினை என்றார். ராகு காலத்துக்குள் இந்தப் பெட்டி திறக்காவிட்டால் இது நல்ல சகுனம் இல்லை, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று தரகரிடம் சொல்லிவிடப் போவதாகவும் சொன்னார். அவர் சொன்னால் சொன்னதுதான். அப்பா மறுத்துப் பேச மாட்டார். இதுவரை வந்தவர்கள் எல்லாம் தாமாக வேண்டாம் என்று போனார்கள். இப்போது வருவதற்கு முன்பே நாங்கள் விரட்டிவிடுவோம் போல இருந்தது. அத்தைக்குக் கல்யாணமே நடக்காமல் போனால் அதற்குக் காரணம் இந்த நீலத் திரைதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அவரவருக்கு ஒரு காரணம் கிடைத்தது. விபூதி காற்றாடிக்குள் போய் அடைத்துக்கொண்டது என்று அப்பா பெட்டியின் பின்னால் வாய் வைத்து ஊதினார். அம்மா, மின்சாரம் குறைவாக வருகிறதோ என்று மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனாள். அதன் பிறகு எல்லோருக்கும் வியர்த்ததுதான் மிச்சம். அத்தை மட்டும் திரைக்கு முன்னால் குனிந்து, அந்த நீலம் வரும் நொடிக்காகக் காத்திருந்தாள். முகத்தில் தொழிற்சாலைக்காரி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இது ஒண்ணும் கெட்டு ரோசாக் ஆகலண்ணே. காலையில போட்ட டிரைவர் ஒத்துக்கல, அவ்வளவுதான். கொஞ்சம் சும்மா இருங்க, நான் பாத்துக்குறேன்" என்றாள்.

டிரைவர் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விரட்டிவிடுவாளோ என்ற பயம். ஆனால் என் பார்வையே கேட்டிருக்க வேண்டும். விசைப்பலகையைப் பலகையிலிருந்து மடிக்கு எடுத்துக்கொண்டே சொன்னாள். "கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நேரா பேசிக்கத் தெரியாது பாப்பா. நடுவுல ஒரு தரகர் வேணும். இந்தத் தரகர் பொய் சொல்லி உள்ள வந்துட்டாரு. அவர வெளிய அனுப்புனா எல்லாம் சரியாயிரும்." இன்றைக்கும் அலுவலகத்தில் யாராவது டிரைவர் என்றால் என்னவென்று கேட்டால், எனக்கு இதைவிட நல்ல விளக்கம் வாயில் வருவதில்லை.

கணினி திறக்கும் கணத்தில் விசைப்பலகையின் மேல் வரிசையில் உள்ள ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பொத்தானிலும் சந்தனப் பொட்டு. முதல் தடவை நேரம் தவறியது, நீலம் வந்துவிட்டது. இரண்டாவது தடவையும் தவறியது. சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, என்னை எழுந்து வரச் சொல்லிக் கண்ணால் சாடை காட்டினாள். நான் பார்க்காததுபோல் இருந்துகொண்டேன். அடுத்த தடவை கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் வரிசையாகச் சில வழிகள் வந்தன. நீலத் திரை ஓடிப்போகாமல் நிற்கும்படி செய்யும் வழியை அத்தை தேர்ந்தெடுத்தாள். இம்முறை நீலம் வந்து அப்படியே நின்றது. அடியில் இருந்த பெயரை என்னை ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கச் சொல்லி, கேமராப் பெட்டியில் இருந்த பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றாகவே இருந்தது. பெட்டியைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த எதையோ படித்து உச்சுக்கொட்டினாள். சிடி பழைய விண்டோஸுக்கு ஆனதாம்.

மறுபடியும் அணைத்து, மறுபடியும் தட்டி, பாதுகாப்பு நிலையில் திறந்தாள். கணினிக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி மட்டும் கொடுப்பதுபோல, அத்தியாவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு திறக்கும் முறை அது. எழுத்துகள் எல்லாம் பெரிது பெரிதாக, பின்புலம் கன்னங்கரேலென்று இருந்தது. பெரியத்தை அதைப் பார்த்து, நல்ல நாளும் அதுவுமாக இதென்ன கறுப்பு என்று முனகினார். நான் மனதுக்குள் சரஸ்வதியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பெட்டி திறந்துவிட்டால் இன்றைக்கே புத்தகத்தை எடுத்துப் படிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, அது இன்றைக்கு ஆகாத காரியம் என்று உறைத்ததும் இன்னும் பயந்துபோனேன். அத்தை பட்டியலில் கேமராவின் பெயரைத் தேடினாள். பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஓர் எச்சரிக்கைக் குறி. அதை அழித்தாள். அணைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு திறந்தாள்.

கணினி எப்போதும் பாடும் அந்தச் சின்ன மெட்டைப் பாடியது. அப்பா கையெடுத்துக் கும்பிட்டது கணினியையா அதன் மேலிருந்த படத்தையா என்று தெரியவில்லை. மணி மூன்றரை தாண்டியிருந்தது. பெரியத்தை முகம் தெளிந்து முகம் கழுவப் போனார். அம்மா புடவை மாற்றப் போனாள். அப்பா தரகரோடு தொலைபேசியில் பேச வெளிவாசல் நடைபாதைக்குப் போனார். கூடத்தில் நானும் அத்தையும் மட்டும்.

இப்போது கேமரா செத்துக் கிடந்தது. அதற்கு உரிய சரியான டிரைவரை அத்தை இணையத்தில் தேடிப் பிடித்து இறக்கினாள். பச்சைக் கோடு நத்தையாக ஊர்ந்தது. அது ஒவ்வொரு முறை நிற்கும்போதும் என் மூச்சும் நின்றது. கடைசியில் இறங்கியே விட்டது. நிறுவலாமா என்று ஒரு சின்னச் சதுரம் கேட்டது. கீழே ஆம் ஒன்று, வேண்டாம் ஒன்று. அத்தை அம்புக்குறியை ஆம் என்பதன்மேல் கொண்டுபோய் வைத்தாள். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது.

அவள் அமுக்கவில்லை. திரையின் தலையில் இருந்த கேமராவின் கண்ணை அண்ணாந்து பார்த்தாள். விரல் மவுஸின்மேல் இருந்தபடியே இருந்தது. பிறகு அம்புக்குறியை மெதுவாக நகர்த்தி வேண்டாம் என்பதை அமுக்கினாள். சதுரம் மறைந்தது.

"அத்தை, தப்பா அமுக்கிட்டீங்க" என்றேன்.

"இல்ல. சரியாத்தான் அமுக்குனேன்."

அவ்வளவுதான் சொன்னாள். யாரிடமும் சொல்லாதே என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அம்மா வந்ததும், கேமரா வேலை செய்யாது, குரல் மட்டும்தான் போகும் என்று அத்தை சாதாரணமாகச் சொன்னாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். சாமிக்கு எதிரே, பூசை நாளில், இவ்வளவு நிதானமாக ஒருவர் பொய் சொல்ல முடியும் என்பது எனக்குப் புதிய செய்தி.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். பெண்ணைக் காட்டாமல் எப்படி என்று புலம்பினார். ஆனால் பெரியத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் அத்தையின் கன்னத்தை ஒரு கணம் பார்த்தார், பிறகு சாமி படத்தைப் பார்த்தார். எல்லாம் அவள் கருணை, எதை மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும் என்றார். அரை மணி நேரத்துக்கு முன்னால் கெட்ட சகுனமாக இருந்த கோளாறு இப்போது அருளாகிவிட்டது. அப்போதுதான் எனக்கும் விளங்கியதுபோல் இருந்தது. திட்டு தெரியக்கூடாது என்றுதான் அத்தை இப்படிச் செய்திருக்கிறாள். கெட்டிக்காரிதான் என்று நினைத்தேன். என்றாலும் எந்த நேரம் குட்டு வெளிப்படுமோ என்ற பயம் போகவில்லை.

நான்கு மணிக்கு அழைப்பு வந்தது. முதலில் குரல், பிறகு திரையில் கட்டம் கட்டமாக நடுங்கி ஒரு கூடம் தெளிந்தது. நீல நிற சோபாவில் மாப்பிள்ளை. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. பின்னால் நின்றவர் அவருடைய தாயார். மெலிந்த உடம்பு, பழுப்பு நிறச் சேலை. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, கேமரா கோளாறு, படம் வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தடுமாறினார். அவர் தடுமாறியதில் அங்கே அது வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. படம் எந்தப் பக்கமும் வரவில்லை என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். பரவாயில்லை அங்கிள், குரல் கேட்டால் போதும் என்றார் மாப்பிள்ளை. உடனே முதுகைத் தளர்த்தி, காலை நீட்டி, காதைக் குடைந்துகொண்டார். உங்களை நாங்கள் பார்க்கிறோம் என்று சொல்ல அப்பா வாயெடுத்தார். அத்தை அவர் முழங்கால்மேல் கையை வைத்து அழுத்தினாள். அப்பா வாயை மூடிக்கொண்டார்.

பேச்சு நன்றாகத்தான் போனது. எங்கே வேலை, எந்த ஊர்ப் பூர்வீகம், யார் யாருக்கு உறவு என்று இரு பக்கமும் விசாரித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் குரல் வானொலியில் செய்தி வாசிப்பவர் குரல்போல மிருதுவாக இருந்தது. நான் பேச்சைக் கவனிக்கவில்லை. கேமரா திடீரென்று தானாகவே விழித்துக்கொண்டால் என்ன செய்வது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சிமிட்டினாளா என்பதுகூடச் சந்தேகம்.

நடுவில் தாயார் குனிந்து மாப்பிள்ளையின் சட்டைக் கழுத்தைச் சரிசெய்யக் கை நீட்டினார். மாப்பிள்ளை ஒரு கையால் மைக்கைப் பொத்தினார். மறு கையால் தாயாரின் மணிக்கட்டைப் பிடித்து உதறித் தள்ளினார். பல்லைக் கடித்தபடி என்னவோ சொன்னார். எங்களுக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. தாயார் ஓரடி பின்னால் போய், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். மாப்பிள்ளை மைக்கிலிருந்து கையை எடுத்தார். "சொல்லுங்க அங்கிள்" என்று அதே மிருதுவான குரல் வந்தது.

அப்பா அந்த நேரம் பெரியத்தை காதில் ஓதியதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையில் இருந்தாள். பார்த்தது நானும் அத்தையும்தான். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அம்மா தலைவாரும்போது நானும்தான் கையைத் தட்டிவிடுவேன். என்னைப்போல அவருக்கும் பதற்றம்போல என்று நினைத்து, கொஞ்சம் இரக்கம்கூடப் பட்டேன்.

பெண்ணிடம் பேசலாமா என்று கேட்டார்கள். அத்தை மைக்கை வாங்கினாள். வேலையை விட்டுவிட்டு வர முடியுமா, குளிர் தாங்குமா, சமைக்கத் தெரியுமா என்றெல்லாம் மாப்பிள்ளை கேட்டார். அத்தை ஒழுங்காகப் பதில் சொன்னாள். உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று அவர் கேட்டபோது பெரியத்தை இல்லையென்று தலையாட்டினார். அத்தை கேட்டாள்.

"உங்க அம்மா அங்க சந்தோஷமா இருக்காங்களா?"

அம்மாதான் தனக்குத் தெய்வம் என்றார் மாப்பிள்ளை. அதைச் சொல்லும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தாயார் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தார்.

நாலரைக்குச் சற்று முன்னால் அவர்கள் பக்கத்தில் தீர்மானமாகிவிட்டது. புகைப்படம் பார்த்தோம், குரல் கேட்டோம், மரியாதையான குடும்பம், எங்களுக்குப் பிடித்திருக்கிறது, அடுத்த மாதம் வருகிறோம் என்றார்கள். எங்கள் வீட்டில் யாரும் கேட்டறியாத வாக்கியம் அது. அழைப்பை முடித்ததும் பெரியத்தை அழுதேவிட்டார். அம்மா சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அப்பா என் தலையைத் தடவினார், காரணமே இல்லாமல். பொய் பலித்துவிட்டது, இனிப் பயமில்லை என்று மகிழ்ந்தேன்.

"எனக்குப் பிடிக்கலண்ணே" என்றாள் அத்தை.

சர்க்கரை ஏந்திய அம்மாவின் கை அப்படியே நின்றது. அப்பா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் காரணம் கேட்டார். மாப்பிள்ளை தன் தாயாரின் கையைப் பிடித்து உதறியதைச் சொன்னாள். அப்பாவுக்கு அது விளங்கவில்லை. பெரியத்தைக்கோ விளங்கவேண்டிய அவசியமே இல்லை. எந்த வீட்டில்தான் ஆம்பளைப் பிள்ளை அம்மாவிடம் எரிந்து விழவில்லை என்றார், இதையெல்லாம் பார்த்தால் ஊரில் ஒரு கல்யாணம் நடக்காது என்றார். பிறகு குரல் உயர்ந்தது.

"அவங்களே வேணும்னு சொல்லிட்டாங்க. உன் மூஞ்சிக்கு இன்னும் எத்தன பேரு வருவாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்க?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பெரியத்தைமேல் வந்த கோபத்தில் அழுகை முட்டியது. அத்தை மட்டும் மைக்கின் வயரைச் சுருட்டிக்கொண்டே, "வராட்டியும் பரவால்லக்கா" என்றாள். அதன் பிறகு அவர்கள் எவ்வளவோ பேசினார்கள். அத்தை அதையே வேறு வேறு சொல்லில் திருப்பிச் சொன்னாள், அவ்வளவுதான். கடைசியில் தரகரிடம் பேச அப்பா மறுபடியும் வெளியே போனார். ராகு காலத்தில் போகிறாயே என்று பெரியத்தை தடுக்கவும் இல்லை.

நான் சுவரோரம் ஒண்டியபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேமராவைப் போட்டிருந்தால் வழக்கம்போல அவர்களே வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். யாருக்கும் யார்மேலும் கோபம் வந்திருக்காது. மறைத்ததால்தான் வேண்டும் என்றார்கள், வேண்டும் என்றதால்தான் சண்டை. அப்படியென்றால் அத்தை எதற்கு மறைத்தாள்? வேண்டாம் என்று சொல்வதற்கா இவ்வளவு பாடு? எந்தப் பக்கம் புரட்டினாலும் கணக்கு உதைத்தது.

பொழுது சாயும் நேரத்தில் அத்தை நடைபாதைக் கம்பியில் சாய்ந்து ஒரு கிண்ணத்தில் பொரி தின்றுகொண்டிருந்தாள். கீழே பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம். அழுதிருப்பாள் என்று நினைத்துத்தான் போனேன். அவளோ சம்பளம் வாங்கிய நாளில் இருப்பதுபோல இருந்தாள். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. மதியம் முழுக்க அவளுக்காகப் பயந்து செத்தவள் நான். திட்டு தெரியக்கூடாது என்றுதானே கேமராவைப் போடவில்லை என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

அத்தை பொரியை மெல்லுவதை நிறுத்தினாள். கன்னத்தைத் தொட்டுக்கொள்ளப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன், தொடவில்லை.

"அது தெரிஞ்சா என்ன பாப்பா, நிச்சயத்துக்கு வந்தா தெரியத்தானே போவுது. இத்தன பேரு வந்து என்னப் பாத்துட்டுப் போனாங்க. நான் ஒருத்தரையும் பாத்ததில்ல. இன்னிக்கு ஒருத்தர நல்லாப் பாத்துட்டேன்."

சொல்லிவிட்டுக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள். நான் எடுத்துக்கொள்ளவில்லை. வந்த அத்தனை பேருக்கும் தேத்தண்ணி கலக்கித் தட்டில் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான். ஒவ்வொருவருக்கும் எதிரே குனிந்து, கையெட்டும் தூரத்தில் நின்று, எடுத்துக்கோங்க என்று சொன்னதை நானே கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். அவ்வளவு பக்கத்தில் நின்றவள் ஒருத்தரையும் பார்க்கவில்லையாம். அத்தை அன்றைக்குச் சொன்ன இரண்டாவது பொய் இது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.